பியானோவுக்குள் ஓர் அட்டைத்துண்டு

பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணிகளைச் செருகி, அந்த ஒற்றைக் கருவியைத் தாளவாத்தியக் குழுவாக மாற்றியவர் ஜான் கேஜ். ஆண்டு 1940. இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரம். மரபுக்குப் புறம்பான பியானோ வாசிப்பு முறைகளைப் பற்றிய பாடம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. இது பொய்க்கதை அன்று. ஆனால், கதை தொடங்க வேண்டிய இடம் இதுதானா என்று கேட்க இடமுண்டு. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் பியானோவின் ஒரே ஒரு சுரத்துக்குரிய தந்திகளின் அடியில் ஓர் அட்டைத்துண்டை வைக்கும்படி தம் இசைப்பிரதியில் எழுதினார். அந்தப் படைப்புக்குத் தோற்றுவாயாக இருந்தது தமிழ்நாட்டுப் பாடகி ஒருவரின் குரல்.

இசையியல் ஆய்வுகளில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. பாடநூல்களில் அது அடிக்குறிப்பாகவேனும் நுழைவது அரிது. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள, முதலில் பியானோ என்னும் கருவியின் உடலைப் பார்க்க வேண்டும்.

தொடாத தந்தி

பியானோ வாசிப்பவர் தந்தியைத் தொடுவதில்லை. கட்டையை அழுத்தியதும் நெம்புகோல்களின் ஒரு வரிசை இயங்கி, கம்பளி பொதிந்த சுத்தி ஒன்று எழும்பித் தந்தியை அடிக்கிறது. தந்தியை எட்டுவதற்குச் சற்று முன்பே சுத்தி விரலின் ஆளுகையிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதன்பின் விரலுக்கு மிஞ்சுவது ஒரே ஓர் உரிமை: கட்டையை விட்டால், டாம்பர் எனப்படும் கம்பளித் துண்டு தந்தியின் மேல் இறங்கி ஒலியை அடக்கும். எப்போது அடக்குவது என்பதை விரல் தீர்மானிக்கலாம். நடுவில் அந்தச் சுரத்தை வளைக்கவோ அசைக்கவோ அதனால் இயலாது.

வீணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வீணையில் மீட்டிய பிறகுதான் இடக்கைக்கு வேலையே தொடங்குகிறது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும், மெட்டுகளின் மேல் வழுக்கியும், அதிர்ந்துகொண்டிருக்கும் ஒலிக்குக் கமகம் என்னும் உயிர் தரப்படுகிறது. பியானோவிலோ சுரம் பிறக்கும் கணத்திலேயே அதன் தலையெழுத்து எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த விலகல் குறையாக மட்டும் எண்ணப்படவில்லை. புளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி இக்கருவியை உருவாக்கியபோது, விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மெலிவதும் வலுப்பதும்தான் புதுமையாக இருந்தது. ஹார்ப்சிகார்டில் அவ்வசதி இல்லை. பின்னர் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது, தந்திகள் தடித்தன, பெரிய அரங்குகளை நிரப்பும் வலிமை கிட்டியது. இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 தந்திகளும் உள்ளன. அத்தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 20 டன். இவ்வளவு பெரிய விசையைத் தாங்கி நிற்கும் உடல், வாசிப்பவருக்குக் காட்டுவது கறுப்பும் வெள்ளையுமான ஒரு பலகை வரிசையை மட்டுமே.

ஆனால் பியானோ எப்போதும் இவ்வளவு அடக்கமான கருவியாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் செய்யப்பட்ட பியானோக்கள் பலவற்றில் விந்தையான மிதிகள் இருந்தன. ஒன்றை மிதித்தால், காகிதமோ தோலோ மந்தர சுரத் தந்திகளின் மேல் படிந்து, பஸ்ஸூன் குழலை நினைவூட்டும் கரகரப்பை எழுப்பும். இன்னொன்றை மிதித்தால், ஒலிப்பலகையை ஒரு கொட்டுத்தடி அடிக்கும். கூடவே சிறுமணிகள் ஒலிக்கும். உஸ்மானியப் பேரரசின் படைவாத்தியத்தைப் போன்ற ஓசை ஐரோப்பிய வீட்டுக் கூடங்களில் விரும்பப்பட்ட காலம் அது. ஆக, பியானோவின் தந்திமேல் காகிதத்தைப் படியவைப்பது புரட்சிக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பன்று. அது ஒரு காலத்தில் கருவி செய்வோரே பொருத்தித் தந்த வசதி. பிற்காலத்தில்தான் அது நாகரிகமற்ற விளையாட்டு என ஒதுக்கப்பட்டது.

இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது. பியானோவின் உள்ளுடல் திறக்கப்பட்டதற்குப் பின்னால் வேறொரு மக்களின் இசையைக் கேட்ட காது இருந்தது. இது பின்னரும் நிகழ்ந்தது.

கோயம்புத்தூர் தாயியின் குரல்

மோரிஸ் டெலாஜ், ராவெலின் மாணவர். அவர் 1912ஆம் ஆண்டளவில் இந்தியாவில் பயணம் செய்தார். இந்திய இசைத்தட்டுகளைச் சேகரித்தார். சித்தார் கலைஞர் இம்தாத் கானின் தட்டும், கோயம்புத்தூர் தாயியின் தட்டும் அவரை ஆழமாகப் பாதித்தன. அப்பயணத்தின் விளைவாகப் பிறந்த நான்கு இந்துக் கவிதைகள் என்னும் பாடல் தொகுதியின் பகுதிகள் சென்னை, லாகூர், காசி, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்களின் பெயர்களைத் தாங்கியவை. 1914 ஜனவரியில் பாரிஸில், ராவெல், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் புதிய பாடல்களோடு ஒரே மேடையில் அவை பாடப்பட்டன.

டெலாஜின் இன்னொரு படைப்பின் பெயர் ராகமாலிகா. அதன் காலம் 1912 முதல் 1922 வரை எனக் குறிக்கப்படுகிறது. குரலுக்கும் பியானோவுக்குமான இந்தப் பாடலின் சொற்கள் தமிழ். தாயி பாடிய அருட்பா இசைத்தட்டே இதன் மூலம் என இசையியலாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். வள்ளலாரின் வரிகள் ஒரு பிரெஞ்சுக்காரரின் இசைப்பிரதி வழியே பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்த வழி இதுதான். இந்தப் பாடலில்தான் அந்த அட்டைத்துண்டு வருகிறது. மந்தர நிலையில் உள்ள ஒரு சுரத்தின் தந்திகளுக்கு அடியில் அது வைக்கப்பட வேண்டும். அப்போது அந்தச் சுரம் மணிபோல் ஒலிக்காது; மங்கி, அடைபட்டு, தோற்கருவியின் அடியைப் போலக் கேட்கும்.

டெலாஜுக்கு முன்னிருந்த சிக்கல் எளிதன்று. தாயியின் குரலில் சுரங்கள் நிற்பதில்லை, நகர்கின்றன. அவற்றின் அடியில் தாளமும் சுருதியும் இடையறாது ஓடுகின்றன. பியானோவின் கட்டைகளால் இவற்றுள் எதையும் அப்படியே செய்ய இயலாது. குரலின் அசைவைப் பாடகியிடம் விட்டுவிட்டு, பியானோவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு சுரமாவது பியானோவாக இல்லாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு சுரத்துக்கு ஓர் அட்டைத்துண்டு போதுமானதாக இருந்தது.

தேவதாசி மரபில் வந்த கோயம்புத்தூர் தாயி 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். சென்னை மாகாணத்தில் தேவதாசிகளின் ஆடலுக்கும் பாடலுக்கும் எதிரான இயக்கம் 1890களிலேயே வலுப்பெறத் தொடங்கியிருந்தது. சொந்த ஊரில் மதிப்புக்குரிய அவைகளிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கலைமரபு, ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடமே கொள்ளும் அரக்குத் தட்டில் ஏறிக் கடல் கடந்து, மேலைக் கருவியொன்றை மாற்றியமைக்கச் செய்தது. ராகமாலிகா நிறைவுற்ற 1922இல் அவர் உயிரோடு இல்லை.

இதை வைத்து, பியானோவைத் தமிழர் மாற்றினர் என்று முழங்குவது நேர்மையாகாது. தாயி அந்தப் பியானோவுக்கு எதுவும் செய்யவில்லை, பாடினார். கேட்டவர் டெலாஜ். அட்டைத்துண்டை வைத்தவரும் அவரே. கேஜுக்கு டெலாஜின் பாடல் தெரிந்திருந்தது எனக் காட்டும் சான்றும் இங்கே முன்வைக்கப்படவில்லை. முன்வைக்கப்படுவது இவ்வளவே: ஒரு நுட்பத்தின் வரலாறு அதைச் செய்த கையிலிருந்து மட்டும் தொடங்குவதில்லை. அந்தக் கையை நகர்த்திய ஓசையும் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

எழுந்து நின்ற வாசிப்பாளர்

கலிபோர்னியாவில் 1897இல் பிறந்த ஹென்றி கவல் வேறொரு வழியில் வந்தார். இளவயதிலேயே முன்கையாலும் உள்ளங்கையாலும் அடுத்தடுத்த கட்டைகளை ஒருங்கே அழுத்தி, சுரக்கொத்துகளை எழுப்பினார். அயர்லாந்துத் தொன்மத்தின் கடல் தெய்வத்தைப் பற்றிய மனானானின் அலைகள் என்ற படைப்பில் இடக்கை அடுக்கும் அக்கொத்துகள் தனித்தனிச் சுரங்களாகக் கேட்பதில்லை; ஆழத்து இரைச்சலாகவே கேட்கின்றன.

அடுத்து அவர் செய்தது இன்னும் துணிவானது. 1925ஆம் ஆண்டின் பான்ஷீ என்ற படைப்பில் வாசிப்பவர் கட்டைகளின் முன் உட்காருவதே இல்லை. பியானோவின் வளைவருகே நின்றுகொண்டு, நேரே தந்திகளைத் தடவுகிறார். ஒலி அடங்காதிருக்க இன்னொருவர் கட்டைகளின் முன்னமர்ந்து, பெடலை முழுநேரமும் மிதித்தபடி இருக்க வேண்டும். விரல் நுனியின் சதையால் தந்தியின் நீளவாக்கில் தேய்ப்பது, நகத்தால் தேய்ப்பது, உள்ளங்கையால் வருடுவது, மீட்டுவது என வெவ்வேறு தொடுகைகள் எழுத்துக் குறியீடுகளால் சுட்டப்படுகின்றன. பான்ஷீ என்பது வீட்டில் சாவு நேரப்போவதை ஓலமிட்டு அறிவிக்கும் அயர்லாந்து ஆவி. மந்தர சுரத் தந்திகளைச் சுற்றியுள்ள செம்புக் கம்பியின் மேல் விரல் தேயும்போது எழும் ஓசை, ஓலம் என்ற சொல்லுக்கு முழுவதும் பொருந்தும்.

இங்கே நிகழ்ந்தது ஓசை மாற்றம் மட்டுமன்று. பியானோவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். தந்திக்கும் விரலுக்கும் இடையிலிருந்த அத்தனை நெம்புகோல்களும் விலகின. கிறிஸ்டோபோரி கட்டிய தூரத்தை ஒரு கை நீட்டிக் கடந்தது.

கவலின் இந்திய உறவு பின்னால் வந்தது. 1931ஆம் ஆண்டில் அவர் ஒப்பீட்டு இசையியல் பயிலப் பெர்லின் சென்றார். அங்கே அவருக்குக் கர்நாடக இசையைக் கற்பித்தவர் சென்னைப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. தமிழிலும் ஆங்கிலத்திலும் இசை நூல்கள் பல எழுதி, இசைக்கல்வியை ஒழுங்குபடுத்தியவர் என்று இங்கே அறியப்பட்ட அதே சாம்பமூர்த்திதான். 1956–57இல் கவல் சென்னைக்கே வந்தார். அதன் நினைவாக அவர் இயற்றிய பதின்மூன்றாம் சிம்பனிக்குச் சென்னை என்றே பெயர். ஜலதரங்கம் அதில் இடம்பெறுகிறது. 1959இல் அது சென்னையிலேயே அரங்கேறியது. ஆனால் அவருடைய தந்தி வாசிப்புகள் 1920களைச் சேர்ந்தவை. அவற்றுக்குச் சாம்பமூர்த்தியைக் காரணமாக்க இயலாது. கால வரிசையை மதிப்பதும் பெயர்களை மறைக்காதிருப்பதும் ஒரே கடமையின் இரு பாதிகள்.

ஒன்பது சுவைகளும் நாற்பத்தைந்து சுரங்களும்

கேஜ் நியூயார்க்கில் கவலிடம் பயின்றவர். பியானோவின் உள்ளே கை நுழையலாம் என்பதை அவர் அங்கேயே கண்டிருந்தார். சியாட்டிலில் அவருக்கு நேர்ந்தது நடைமுறைச் சிக்கல். கறுப்பின நடனக் கலைஞர் சிவில்லா ஃபோர்ட் தம் நடனத்துக்கு இசை கேட்டார். ஆப்பிரிக்கத் தன்மை கொண்ட அந்த ஆடலுக்குத் தாளவாத்தியக் குழு வேண்டும் என்று கேஜ் கருதினார். மேடையிலோ ஒரு பியானோவுக்கு மட்டுமே இடமிருந்தது. முதலில் ஒரு தகரத் தட்டைத் தந்திகளின் மேல் வைத்துப் பார்த்தார். ஓசை பிடித்திருந்தது, ஆனால் தட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. ஆணி வழுக்கி விழுந்தது. மரையுள்ள திருகாணி தந்திகளுக்கிடையே நிலைத்து நின்றது. கதவிடுக்கில் காற்றுப் புகாதிருக்க ஒட்டும் பட்டையும் பயன்பட்டது. பாக்கனால் என்ற படைப்பு அவ்வாறு பிறந்தது.

1946 முதல் 1948 வரை அவர் எழுதிய சொனாட்டாக்களும் இடையிசைகளும் என்ற தொகுதி இம்முறையின் உச்சம். பதினாறு சொனாட்டாக்கள், நான்கு இடையிசைகள். 45 சுரங்களின் தந்திகளுக்கிடையே திருகாணி, மரையாணி, ரப்பர், பிளாஸ்டிக் முதலியவை செருகப்பட வேண்டும். எந்தச் சுரத்தில், எந்தப் பொருள், எந்தத் தந்திகளுக்கிடையே, டாம்பரிலிருந்து எத்தனை அங்குலத்தில் என்பதை விளக்கும் அட்டவணை இசைப்பிரதியின் முன்னே நிற்கிறது. ஆயத்தம் செய்யவே சில மணி நேரம் பிடிக்கும். அதன்பின் வாசிப்பவர் வழக்கம்போல் அமர்ந்து, வழக்கம்போல் கட்டைகளை அழுத்துகிறார். ஒரு கட்டை மரத்தட்டலாகவும், அடுத்தது உடைந்த மணியாகவும், மூன்றாவது தொலைவில் அடிக்கும் முரசாகவும் ஒலிக்கிறது. கண் காண்பதையும் காது கேட்பதையும் பிரித்துவிடும் அனுபவம் அது.

அதே 1946இல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் நியூயார்க் வந்தார். மேலை இசையின் எதிர்ப்பண்ணையும் சமகால இசையையும் அவருக்குக் கேஜ் கற்பித்தார். கட்டணத்துக்குப் பதிலாக இந்திய இசையையும் அதன் சிந்தனையையும் அவரிடமிருந்து கற்றார். இசையின் பயன் என்ன என்ற கேஜின் கேள்விக்கு, மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவது என்னும் பொருள்படத் தம் ஆசிரியரின் கருத்தைக் கீதா எடுத்துரைத்தார். அந்த விடையைக் கேஜ் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. பலமுறை எழுதினார், பேசினார். கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் நூல்களையும் அக்காலத்தில் அவர் ஆழ்ந்து படித்தார். சொனாட்டாக்களின் நோக்கம் இந்திய மரபு கூறும் நிலையான மெய்ப்பாடுகளை, அவை அனைத்தும் அமைதியை நோக்கிச் சாய்வதை, வெளிப்படுத்துவதே என்று கேஜே சொல்லியிருக்கிறார். எந்தச் சொனாட்டா எந்தச் சுவை என்ற பட்டியலை மட்டும் அவர் தரவில்லை.

தம் ஆசான்களைக் கேஜ் மறைக்கவில்லை என்பது இங்கே முக்கியம். கீதாவின் பெயரை அவர் சொன்னார். குமாரசுவாமியின் பெயரையும் சொன்னார். பிற்காலப் பாடநூல்களில்தான் கீதா பெரும்பாலும் இந்திய மாணவி ஒருவர் என்று சுருங்கினார். திருகாணியின் நீளம் நினைவில் நிற்கிறது; அதைச் செருகியவரின் மனத்தை மாற்றியவரின் பெயர் நிற்பதில்லை.

உரசலும் எதிரொலியும்

1960களின் இறுதிக்குப் பின் இத்தேடல் பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் இரண்டு நேர்மாறானவை.

அமெரிக்கரான ஜார்ஜ் கிரம் எதிரொலியின் பக்கம் சென்றார். ஒலிபெருக்கி இணைத்த பியானோவுக்காக 1972, 1973ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய மாக்ரோகாஸ்மோஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் பன்னிரு ராசிகளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படைப்புகள் உண்டு. தந்திகளின் மேல் மெல்லிய சங்கிலி கிடக்கிறது, காகிதம் படிகிறது, தையற்காரர் விரலில் மாட்டும் உலோக உறைகளோடு விரல்கள் தந்திகளில் ஓடுகின்றன. வாசிப்பவர் பாடுகிறார், முணுமுணுக்கிறார், சீழ்க்கை அடிக்கிறார். சில பக்கங்களில் இசைக்கோடுகளே வட்டமாகவும் சுருளாகவும் வளைகின்றன. இங்கே ஒவ்வோர் ஓசையும் பழமையான ஒன்றின் நினைவை அழைக்கிறது.

ஜெர்மானியரான ஹெல்முட் லாக்கன்மான் உரசலின் பக்கம் நின்றார். 1970ஆம் ஆண்டின் குய்ரோ என்ற படைப்பில் ஒரு கட்டைகூட வழக்கம்போல் அழுத்தப்படுவதில்லை. விரல் நகம் கட்டைகளின் விளிம்பில், மேற்பரப்பில், சுருதியாணிகளின் தலைகளில் வழுக்கிச் செல்கிறது. கேட்பது ஏறக்குறைய அடுக்கடுக்கான சொடுக்குகள் மட்டுமே. கோடு கீறிய சுரைக்குடுவையைக் குச்சியால் தேய்த்து வாசிக்கும் லத்தீன் அமெரிக்கத் தாளக் கருவியின் பெயர் அது. ஓசையின் அழகைவிட, அந்த ஓசை எந்த உழைப்பால், எந்த உராய்வால் பிறந்தது என்பதைக் காதுக்குத் தெரியவைப்பதே லாக்கன்மானின் நோக்கம்.

கிரம் பியானோவைக் கனவு காணச் செய்தார் என்றால், லாக்கன்மான் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார். பின்னர் ஸ்டீபன் ஸ்காட் 1977 முதல் கொலராடோவில் நடத்திய குழுவில், பத்துப் பேர் ஒரே பியானோவைச் சூழ்ந்து நின்று, குங்கிலியம் பூசிய நைலான் இழைகளைத் தந்திகளுக்கு அடியில் கோத்து இழுத்தனர். அடித்தால் மட்டுமே ஒலித்து, உடனே தேயத் தொடங்கும் கருவி, வயலினைப் போல நீண்டு ஒலித்தது. சிங்கப்பூரில் பிறந்த மார்கரெட் லெங் டான் இவ்வகை வாசிப்பையே தம் வாழ்க்கைத் தொழிலாக்கிக்கொண்டு, கேஜிடமும் கிரமிடமும் நேரடியாகப் பணிபுரிந்து, இந்நுட்பங்கள் பிறருடையதைவிடக் குறைந்த பயிற்சியைக் கோருபவை அல்ல என்பதை மேடையில் நிறுவினார்.

பூட்டின் நியாயம்

கல்வி நிறுவனங்களில் பியானோ பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். திறக்கக் கேட்கும் மாணவர், தந்தியைத் தொடவும் அனுமதி கேட்டால் மறுப்பே பெரும்பாலும் விடையாகும். அந்த மறுப்பைப் பழமைவாதம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. அதில் நியாயம் உண்டு.

வியர்வையின் உப்பும் ஈரமும் எஃகுத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். மந்தர தந்திகளின் செம்புச் சுற்று கறுத்து, ஒலி மந்தமாகும். டாம்பர் சற்றே வளைந்தாலும் அந்தச் சுரம் அடங்காமல் இரையும். திருகாணியைப் பெடலை மிதிக்காமல் செருகினால் டாம்பரின் கம்பளி கிழியும். தேவைக்கு மேல் தடித்த ஆணி சுருதியைக் கலைக்கும். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில், சுருதி கூட்டத் தெரிந்தவர் அரிதாகவே கிடைக்கும் ஊரில், ஒரே ஒரு நல்ல பியானோவை வைத்திருக்கும் துறை அஞ்சுவது இயல்பே.

ஆனால் இந்த அச்சத்துக்கு விடை நுட்பத்துக்குள்ளேயே இருக்கிறது. கேஜின் அட்டவணை அங்குலக் கணக்கில் பேசுவது அதனால்தான். கை கழுவித் துடைத்த பின்பே தொடுவது, டாம்பரில் விரல் படாதிருப்பது, தந்தியை அடையாளங்காண எளிதில் அகலும் குறிகளையே இடுவது, ஆணியைச் செருகுமுன் மரத்துண்டால் தந்திகளை மெல்ல விலக்குவது, வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எண்ணிப் பார்ப்பது: இவையெல்லாம் இக்கலையின் இலக்கணம். கட்டையை மட்டும் தொடுபவர் பியானோவின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாமலே வாழ்நாள் முழுதும் வாசிக்கலாம். உள்ளே கை வைப்பவருக்கு அந்த அறியாமை அனுமதிக்கப்படுவதில்லை. சுருதி கூட்டுபவரோடு அமர்ந்து பேசுவதே அவருக்கு முதற்பாடம். கழித்துவிடப்படவிருக்கும் பழைய பியானோ ஒன்று பயிற்சிக்குப் போதும். பூட்டுக்கும் உடைப்புக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது.

இன்னோர் எதிர்ப்பு இதைவிடக் கூர்மையானது: இவையெல்லாம் வெறும் வேடிக்கை ஓசைகள்தாமே? சில நேரங்களில் ஆம். தந்தியைக் கீறும் ஓசை இன்று திகில் படங்களின் வாடிக்கைச் சரக்காகிவிட்டது. ஆயத்தப் பியானோவின் ஒலிகள் கணினியில் விலைக்குக் கிடைக்கின்றன. தேடலாகத் தொடங்கியது முத்திரையாக இறுகுவது எல்லாக் கலைக்கும் நேர்வதே. பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அந்த நுட்பத்தை நீக்கிவிட்டு, அதே சுரங்களை வழக்கம்போல் வாசித்துப் பார்க்க வேண்டும். படைப்பு அப்படியே நிற்குமானால், நுட்பம் ஒப்பனை. சரிந்து விழுமானால், நுட்பமே அதன் எலும்பு. பான்ஷீயை நீக்கிப் பார்க்கவே வழியில்லை. அங்கே நீக்கினால் மிஞ்சுவது மௌனம்.

யாருடைய நீட்டிப்பு?

ஆங்கில ஆய்வுலகில் இம்முறைகளுக்கு நீட்டிக்கப்பட்ட நுட்பங்கள் என்பது வழக்கமான பெயர். நீட்டிப்பு என்றால், எதிலிருந்து? பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரங்கில் நிலைபெற்ற வாசிப்பிலிருந்து. அந்த ஒரு நூற்றாண்டை அளவுகோலாக வைத்தால், தந்தியில் ஒரு பொருளைச் செருகுவது விலகல்.

தென்னிந்தியக் கருவிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அளவுகோல் மாறுகிறது. தம்பூராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு பருத்தி இழையை நுழைத்து, மயிரிழை அளவு நகர்த்தித்தான் அந்த ரீங்காரம் பெறப்படுகிறது. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் இடந்தலைக்குக் கனம் வரும். முடிந்ததும் அது சுரண்டி எடுக்கப்படும். வலந்தலையின் தோல்களுக்கிடையே குச்சித் துணுக்குகளைச் செருகுவது குச்சி மிருதங்கம். கல் துணுக்குகளை இடுவது கப்பி மிருதங்கம். இவற்றை எவரும் மரபுக்குப் புறம்பானவை என்று சொன்னதில்லை. இவையே மரபு. கருவியை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆயத்தம் செய்வது வாசிப்பின் முதற்படி என்றே இங்குள்ள கலைஞர் கருதினர்.

இதைச் சொல்வது, எல்லாம் இங்கே முன்பே இருந்தது என்று பெருமை கொள்வதற்காக அன்று. தம்பூராவின் நூல் வழிவழியாக ஒரே பயனுக்குரியது. கேஜின் திருகாணி ஒரே ஒரு படைப்புக்காகப் புதிதாக எண்ணப்பட்டது. இரண்டின் நோக்கமும் வேறு. ஆனால் மரபு, புறம்பு என்னும் சொற்கள் இடத்துக்கு இடம் மாறுபவை என்பதை உணராத ஆய்வு, தான் நிற்கும் இடத்தையே உலகமாகக் கொள்ளும். ஐந்து கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சுருதியைக் குறிக்கும் பேச்சுவழக்கில், ஆர்மோனியத்தின் ஐரோப்பியக் கட்டைகள் தமிழ் இசைக்குள் இரண்டறக் கலந்துவிட்டன. அது இங்கே எவருக்கும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. கேட்பது இரு திசையிலும் நடந்திருக்கிறது. எழுதப்பட்டது மட்டுமே ஒரு திசையில்.

இந்திய இசைத் துறைகளில் சமகால மேலை இசை கற்பிக்கப்படும் இடங்களில் இதைச் சரிசெய்வது கடினமன்று. ஆயத்தப் பியானோ பற்றிய வகுப்பில், கேஜின் அட்டவணைக்கு முன்னால் டெலாஜின் ராகமாலிகாவை வைக்கலாம். அதற்கும் முன்னால், கீறல் விழுந்த அந்தப் பழைய இசைத்தட்டுகளில் ஒன்றைச் சுழலவிட்டு, கோயம்புத்தூர் தாயி பாடுவதைக் கேட்கச் செய்யலாம். மாணவர் முதலில் குரலைக் கேட்பர். பிறகு ஒரு கருவி அந்தக் குரலுக்கு முன்னால் தடுமாறி, தன் உடலைத் திறந்துகொள்வதைக் கேட்பர். ஒரு மணி நேர வகுப்பில் இதற்குச் சில நிமிடங்களே தேவைப்படும்.